லிங்கர் கேட்ட நாற்பது கேள்விகள்

குருவைத் தேடிப் போனவர்களின் கதைகளில் ஒருத்தியை மட்டும் சேர்க்க மாட்டார்கள்.

வீட்டைத் துறக்காமல் வந்தவளை.

காலையில் குக்கரை இறக்கி வைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, மாலை ஐந்தே முக்கால் பேருந்தைப் பிடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தோடு ஞானத்திடம் வருபவளை. அவளுக்குக் காட்டுக்குப் போக நேரமில்லை. ஆகவே அவளுக்கு ஞானத்திலும் நாட்டமில்லை என்று ஆண்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள்.

மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பத்தாறு. கணினி அறிவியல் படித்தவள். பதினாறு ஆண்டுகள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். சும்மா இருந்தாள் என்று அதற்குப் பொருள் கொள்பவர்கள் ஒரு வாரம் அந்த வீட்டில் இருந்து பார்க்கலாம்.

பிறகு கோயம்புத்தூரில் பம்பு செய்யும் சிறு நிறுவனம் ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஊரில் பம்பு என்றால் கிணற்றில் இறங்குவது. இந்தப் பம்பு நரம்பில் இறங்குவது. நோயாளியின் கைக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. உறவினர்கள் இன்னும் அவளிடம் மோட்டார் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமை முடிய இருந்தது. அதே வெள்ளிக்கிழமை, புதிய பம்பில் பிழையேதும் இல்லை என்ற சோதனை அறிக்கையில் அவள் கையெழுத்திட வேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை.

அவளுடைய குருவின் பெயர் நிலோஃபர். வயது முப்பத்தொன்று.

"சோதனை ஆரம்பிச்சுப் பதினோரு நாளாச்சுங்க மேடம்," என்றாள் மங்கை. "நிக்காம ஓடுது. ஒரு தடவகூட விழல. இன்னும் எத்தன நாளைக்கு ஓட்டறது?"

"மேடம்னு கூப்பிடாதீங்கக்கா."

"வயசுல சின்னவங்க, வேலையில பெரியவங்க. வேற என்னன்னு கூப்பிடறதுங்க?"

"பேரு எதுக்கு இருக்கு?"

"பேரு சொல்லிக் கூப்பிட்டா நாக்கு உள்ள போயிக்குதுங்க மேடம்."

நிலோஃபர் சிரித்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"விழலன்னு எப்படித் தெரியும்?"

"விழுந்தா நின்னுருமில்லீங்களா? நிக்கலையே."

"சரி," என்றாள் நிலோஃபர். "ஒரு குழி வெட்டுங்க."

*

வார்டிலிருந்து பம்புக்குக் கட்டளை வரும். இந்தப் படுக்கை, இந்த மருந்து, இவ்வளவு அளவு. அதைப் பிரித்துப் படிக்கும் நிரல்பகுதிக்குப் பார்ஸர் என்று பெயர். எழுதியவர் வேலையை விட்டுப்போய் ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் எழுதியது மட்டும் போகவில்லை.

அந்தப் பார்ஸரை மங்கை ஃபஸ் சோதனைக்கு உட்படுத்தியிருந்தாள். ஒழுங்கான கட்டளைகளுக்குப் பதிலாக, அறுந்ததும் பிசகியதும் வெறும் குப்பையுமாக நொடிக்கு ஆயிரக்கணக்கில் எறிந்து பார்ப்பது அந்தச் சோதனை. இடறி விழும் இடத்தில் பிழை இருக்கிறது.

ஆனால் நிரல்கள் இடறினாலும் பெரும்பாலும் விழுவதில்லை. தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் கால் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நடந்துபோய்விடும். அதனால் நிரலைக் கட்டும்போதே, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் சொல்லி வைக்கவேண்டும்: வாசலுக்கு வாசல் ஒரு காவலை நிறுத்து, எல்லை தாண்டியவனை அங்கேயே பிடித்துக் கீழே தள்ளு.

அப்படிச் சொல்லி வைக்கும் ஒற்றைச் சொல்லை ஃப்ளாக் என்பார்கள்.

*

"குழியா?" என்றாள் மங்கை.

"பார்ஸருக்குள்ள போயி நீங்களே ஒரு தப்பு பண்ணுங்க."

"நல்லா ஓடிட்டிருக்கறத நானே கெடுக்கோணுங்களா?"

"கெடுங்க."

"எந்த எடத்துலங்க?"

"உங்களுக்குப் பிடிச்ச எடத்துல."

மங்கை தேர்ந்தெடுத்து வெட்டினாள். படுக்கை எண்ணுக்கு எட்டு எழுத்து இடம் ஒதுக்கியிருந்தது. ஒன்பதாவது எழுத்தையும் படி என்று ஒரு வரி சேர்த்தாள். எந்தக் கட்டளை வந்தாலும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். எது வந்தாலும் விழவேண்டிய குழி.

சோதனையை ஓடவிட்டாள்.

மேலாளர் குழந்தைவேல் கையில் டீ கிளாசோடு அந்தப் பக்கம் வந்தார்.

"என்னம்மா மங்கை, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுருவீங்கல்ல? ஆஸ்பத்திரிக்கு முப்பது பம்பு. லாரிக்கே சொல்லியாச்சு."

"ஓடிட்டிருக்குதுங்க சார்."

"விழலைன்னா சந்தோஷப்படுங்க. நீங்க ரெண்டு பேரும் என்னமோ விழுந்தாத்தான் திருப்திங்கற மாதிரி உக்காந்திருக்கீங்க."

அவர் போய்விட்டார்.

பத்து நிமிடம் ஆயிற்று. திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. நாற்பது லட்சம் குப்பைகள் அந்தக் குழியின்மேல் நடந்துபோயின. ஒன்றுகூட விழவில்லை.

மங்கையின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மேடம்! குழி வெட்டியும் விழல. அவ்வளவு கெட்டி!"

நிலோஃபர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். தக்காளி சாதமும் முட்டையும் இருந்தன. பாதி முட்டையை டப்பா மூடியில் வைத்து மங்கையின் பக்கம் நகர்த்தினாள். தன் சாப்பாட்டை உண்ணத் தொடங்கினாள்.

மங்கை அவளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல வற்றியது.

"இருங்க மேடம். குழி சின்னதா இருக்கும்."

ஒன்பதாவது எழுத்துக்குப் பதிலாக நூறாவது எழுத்தைப் படி என்று மாற்றினாள். மறுபடி ஓடவிட்டாள்.

பத்து லட்சம். இருபது லட்சம்.

யாரும் விழவில்லை.

முட்டை அப்படியே இருந்தது.

"மேடம்," என்றாள் மங்கை. குரல் தணிந்திருந்தது. "அங்க காவலே இல்லீங்களா?"

"பாருங்க."

*

பார்க்கவேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. ஆனாலும், நிரலை எப்படிக் கட்டவேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் பில்ட் கோப்பைத் திறந்தாள்.

பார்ஸரைக் கட்டும் வரியில் காவல் ஃப்ளாக் இல்லை. இருந்த இடத்தில் ஓர் இடைவெளி இருந்தது.

பன்னிரண்டு நாள்களுக்கு முன், வாழ்க்கையில் முதல்முறையாக ஃபஸ் சோதனைக்கு ஒரு பில்ட் அமைத்தாள். எல்லாக் கோப்புகளும் ஒழுங்காகக் கம்பைல் ஆயின. கடைசியில் அவற்றையெல்லாம் ஒன்றாகப் பிணைக்கும் லிங்கரிடம் வந்தபோது திரை சிவந்தது. நாற்பது வரிகள். ஒவ்வொன்றும் எரர்.

சுற்றிலும் எல்லாரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். யாரையாவது தோளில் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால், பதினாறு ஆண்டுகள் பின்தங்கியவள் என்பது தெரிந்துவிடும்.

எதை எடுத்தால் இந்தக் கூச்சல் அடங்கும் என்று பார்த்தாள். காவல் ஃப்ளாக்கை எடுத்தாள். அடங்கியது.

யார் கத்தினாலும், காரணம் கேட்காமல், எதையாவது எடுத்து ஒளித்து வைத்து வீட்டை அமைதியாக்கப் பழகிய கை அது. அந்தப் பழக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பச்சை எழுத்தில் வெற்றி என்று வந்தது. அன்று பேருந்தில் ஜன்னலோர இருக்கைகூடக் கிடைத்தது.

*

"நான்தானுங்க எடுத்தேன்," என்றாள் மங்கை.

"எதுக்குக்கா?"

"கத்துச்சுங்க."

நிலோஃபர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவளருகில் போட்டுக்கொண்டாள்.

"திரும்பப் போடுங்க. கத்தட்டும். ரெண்டு பேருமா உக்காந்து கேப்போம்."

மங்கை ஃப்ளாக்கைத் திரும்பப் போட்டாள். திரை சிவந்தது. அவள் தோள்கள் தாமாகக் குறுகின.

"முதல் வரியப் படிங்க."

"எரர்ங்க."

"அதுக்கு அப்புறம்?"

"ஏதோ ஒரு பேரு போட்டு, இது எங்கயும் இல்லன்னு சொல்லுது."

"ரெண்டாவது வரி?"

"அதே பேருங்க."

"மூணாவது?"

மங்கை விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். அடிவரை போனாள். நாற்பது வரிகளிலும் சேர்த்து நான்கே பெயர்கள்தான் இருந்தன.

"யாரோட பேருக்கா அதெல்லாம்?"

மங்கை அந்த நான்கையும் மறுபடி படித்தாள்.

"காவக்காரங்களோடதுங்க."

"கம்பைலர்கிட்ட காவல் போடச் சொன்னீங்க. அது வாசலுக்கு வாசல் காவக்காரரக் கூப்பிடுன்னு எழுதி வெச்சிருச்சு. லிங்கர்கிட்ட சொன்னீங்களா?"

"அதுகிட்டயும் சொல்லோணுங்களா?"

"கல்யாணத்துக்குச் சமையல்காரருக்கு மட்டும் சொல்லிட்டு மண்டபத்துக்காரருக்குச் சொல்லலைன்னா என்னாகும்?"

மங்கை இந்தத் துறையில் அனுபவசாலி. மூன்று நாத்தனார்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தவள்.

"கேட்லயே மறிச்சு, யாரு நீங்க, எங்கிருந்து வர்றீங்கன்னு கேப்பாருங்க."

"எத்தன பேர?"

"வர்ற அத்தன பேரையும்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். திரையை மறுபடி மேலிருந்து பார்த்தாள். நாற்பது வரிகள். அதே சிவப்பு.

"இது திட்டலீங்களா மேடம்?"

"கேக்குதுக்கா."

பன்னிரண்டு நாள்களாக ஒரு கேள்விக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பிறகு லிங்கருக்கான வரியைத் தேடினாள். அதே ஃப்ளாக்கை அங்கேயும் எழுதினாள். ஒரே ஒரு சொல்.

சிவப்பு மறைந்தது.

*

ஓடவிட்ட விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் விழுந்தது.

இந்த இடம், இந்த வரி, நூறாவது எழுத்து என்று முகவரியோடு விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அடுத்த இருக்கைக்காரர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் மங்கை. "நான் வெட்டுன குழியில நானே விழுந்துட்டேன்."

"குழிய மூடிட்டு ஓடவிடுங்க," என்று சொல்லிவிட்டு நிலோஃபர் டப்பாவைக் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது மங்கை நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"விழுந்துருச்சுங்க மேடம்."

"மூடலையா?"

"மூடிட்டேனுங்க." மங்கை திரையைக் காட்டினாள். "இது நான் வெட்டுனதில்ல."

நிலோஃபர் குனிந்து படித்தாள். மங்கை ஏற்கெனவே மூன்று முறை படித்திருந்தாள்.

வார்டிலிருந்து வரும் கட்டளை பாதியில் அறுந்து வந்தால், பார்ஸர் நிற்பதில்லை. அளவு இருக்கவேண்டிய இடத்தைத் தேடி எல்லை தாண்டிப் போகிறது. அங்கே கிடப்பதை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அங்கே கிடப்பது, இதற்கு முன் அந்தப் பம்பில் இருந்த நோயாளிக்குச் சொல்லப்பட்ட அளவு.

மங்கை தன் இடது முழங்கையின் உள்மடிப்பைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கும் இடம்.

"வெள்ளிக்கெழம இது போயிருக்கும்," என்றாள்.

"ம்."

"என் கையெழுத்தோட போயிருக்கும்."

நிலோஃபர் அவளை உட்காரவைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை அருகிலேயே நின்றாள்.

"இனி என்னைய வேலையில வெச்சுக்க மாட்டாங்க. இல்லீங்களா மேடம்?"

"தெரியலக்கா."

பொய் சொல்லி ஆற்றியிருக்கலாம். அந்தப் பெண் அதைச் செய்யவில்லை. மங்கைக்கு அதுவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"குழந்தைவேல் சாருக்கு இன்னிக்கே மெயில் போகணும். நான் எழுதட்டுமா, நீங்க எழுதறீங்களா?"

"நானே எழுதறேனுங்க."

*

தேதியைச் சரியாகக் குறிப்பிடவேண்டும் என்று மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்தாள்.

பன்னிரண்டு நாள்களுக்கு முந்தைய பதிவு. ஃப்ளாக் நீக்கப்பட்டது. மாற்றியவர்: மங்கையர்க்கரசி.

அதன் கீழே இன்னொரு வரி இருந்தது.

அந்த அலுவலகத்தில் ஒருவர் செய்யும் மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்னால்தான் அது உள்ளே போகும். யார் சம்மதம் சொன்னார்கள் என்பதும் பதிவாகும்.

படித்துப் பார்த்தவர்: நிலோஃபர். மங்கை அனுப்பிய ஒரே நிமிடத்தில்.

மங்கை பதிவேட்டை மூடினாள். பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மெயில் எழுதினாள். பதினாறு ஆண்டுகளாகப் பால்காரருக்குச் சீட்டு எழுதிய கைதான். ஆனால் இது நன்றாக வந்தது.

கடந்த பதினோரு நாள் சோதனை செல்லாது. பார்ஸரிலிருந்து காவல் ஃப்ளாக்கை நீக்கியவள் நான். ஏன் எரர் வருகிறது என்று தெரியாமல் நீக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. இன்று அதைத் திரும்பச் சேர்த்ததும், மருந்தின் அளவைத் தவறாக எடுக்கும் பிழை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பம்புகளை அனுப்பக்கூடாது.

திரையை நிலோஃபரின் பக்கம் திருப்பினாள்.

நிலோஃபர் நிதானமாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா."

"அனுப்பிரட்டுங்களா?"

"ஒரு பேரு குறையுது."

"இல்லீங்க மேடம். நான்தானே எடுத்தேன்."

"பதிவேட்டத் தெறந்து பாத்தீங்களா?"

மங்கை திரையை மறுபடி தன் பக்கம் இழுத்தாள்.

"பாத்திருக்கீங்க."

"உங்களுக்கு எதுக்குங்க மேடம் கெட்ட பேரு?" மங்கை படபடவென்று பேசினாள். "இந்த வருசம் உங்களுக்குப் பதவி உயர்வு வருதுன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. எனக்கு என்னங்க, போனா வீட்ல இருந்துக்குவேன். எனக்குப் பழக்கந்தானே. யாரு போயி பதிவேட்டத் தோண்டிப் பாக்கப் போறாங்க? விட்ருங்க. சத்தமில்லாம முடிஞ்சுரும்."

கடைசிச் சொற்கள் வாயைவிட்டு வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டன.

நிலோஃபர் அவளுடைய கையை எடுத்தாள். விசைப்பலகையின் மேல் வைத்தாள். தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு எனக்குச் சீக்கிரம் கெளம்பணும். படிக்காம ஓகே போட்டேன். நீங்க மொத தடவையா பில்ட் கோப்பத் தொட்டிருந்தீங்க. நான் படிச்சிருக்கணும். எழுந்து வந்து, ஏன்க்கா எடுத்தீங்கன்னு கேட்டிருக்கணும்."

"அத எழுத எனக்குக் கை வரலீங்க."

"தெரியும்."

நிலோஃபர் கையை எடுக்கவில்லை.

மங்கை ஒரு விரலை அசைத்தாள். பிறகு இன்னொன்றை. மேலே இருந்த கை கூடவே அசைந்தது.

படிக்காமல் ஒப்புதல் தந்தவர், என்று எழுதினாள். அதன் பிறகு, நாக்கு உள்ளே போகாமல், பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுத்தெழுத்தாக அடித்தாள்.

"நிலோஃபர்."

"ம்," என்றாள் நிலோஃபர். "இப்ப அனுப்புங்க."

*

பம்புகள் அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போயின. அதற்குள் பார்ஸரில் மேலும் ஆறு பிழைகள் கிடைத்தன. நிலோஃபருக்கு அந்த ஆண்டு பதவி உயர்வு வரவில்லை. மங்கையர்க்கரசியின் தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டித்தார்கள். அதன் முடிவில் நிரந்தரமாக்கினார்கள். இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள். புதிதாகச் சேர்பவர்களின் மாற்றங்களை அவள்தான் படித்துப் பார்க்கிறாள். ஒவ்வொரு வரியையும் படிக்கிறாள். புரியாத இடத்தில் எழுந்துபோய்க் கேட்கிறாள்.